அடுப்படியிலிருந்து கேட் வரைக்கும்

எல்வார்டு இன்னும் எதுவும் சொல்லவில்லை. அதற்குள் கார்டன் ஹாலிஸ் தூண்டிலை வீசிவிட்டார்.

நூல் காற்றில் நீண்டு வளைந்து, படகின் மூக்குக்கு இடப்பக்கமாகத் தண்ணீரில் படிந்தது. அங்கே ஒன்றும் இருப்பதாக எல்வார்டுக்குத் தெரியவில்லை. பின்மேடையில், எஞ்சினுக்கு மேலே ஏறி நின்று, நீளக் கோலை மணலில் ஊன்றிப் படகைத் தள்ளிக்கொண்டிருந்தான் அவன். மீனைப் பார்த்துச் சொல்வது அவன் வேலை. முழங்கால் ஆழத் தண்ணீருக்கடியில் வெள்ளை மணல் கண்ணைக் கூசவைத்தது. பிறகு அந்த வெள்ளையில் பென்சிலால் கீறியதுபோல ஒரு நிழல் திரும்பியது. நூல் இறுகியது. தூண்டில் ராட்டினம் கிறீச்சிட்டபடி சுற்றியது.

"மாட்டிக்கிச்சு எல்வார்டு," என்றார் ஹாலிஸ், மூச்சுவாங்க. பல் வைத்தியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஆண்ட்ரோஸ் தீவுக்கு இதுதான் முதல் தடவை. போன்ஃபிஷ் என்கிற இந்த மீனைப் பிடிப்பதும் முதல் தடவை.

எல்வார்டு இறங்கி மீனைக் கையில் ஏந்தி, பொய் இரையைக் கழற்றி, தண்ணீரில் விட்டான். கையை விட்டதும் அது காணாமல் போனது. உடம்பு முழுக்கக் கண்ணாடி அந்த மீனுக்கு. மணல்மேல் நின்றால் மணலாகவும் பாசிமேல் நின்றால் பாசியாகவும் தெரியும். நிழலை மட்டும் அதனால் மறைக்க முடியாது. அதனால்தான் இந்தத் தீவின் வழிகாட்டிகள் மீனைத் தேடுவதில்லை, நிழலைத் தேடுகிறார்கள்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு பாஸ்," என்றான். "எனக்கே தெரியல. நீங்க பாத்துட்டீங்க."

"நான் எங்க பாத்தேன்? நீங்க சொன்னீங்க, நான் போட்டேன்."

எல்வார்டு சிரித்தான். மனுஷர் விளையாடுகிறார் என்று நினைத்தான்.

மூக்கில் நிற்பவர் முன்னாலேயே பார்க்க வேண்டும். திசைக்குக் கடிகாரக் கணக்கு: மூக்கு பன்னிரண்டு மணி, இடது கை ஒன்பது, வலது கை மூன்று. மணியையும் தூரத்தையும் பின்மேடையிலிருந்து வரும் குரல் சொல்லும். திரும்பி, 'எங்கே?' என்று கேட்கிற நேரத்தில் மீன் அடுத்த திட்டுக்குப் போயிருக்கும். ஆகவே நாள் முழுக்க அவர் ஒரு குரலுக்குத் தன் முதுகைக் கொடுத்துவிட்டு நிற்பார். அந்த முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று அவர் பார்ப்பதே இல்லை.

இரண்டாவது மீனும் அப்படித்தான் வந்தது. மூன்றாவதற்கு எல்வார்டு வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு, ஹாலிஸின் தலையையே கவனித்தான். தொப்பிக்குக் கீழே அந்தத் தலை லேசாகச் சாய்ந்தது, சொல்வதைக் கேட்கிறவனின் தலைபோல. ஒருமுறை ஆடியது. பிறகு கை வீசியது.

"பாஸ், ஒரு நிமிஷம். இப்ப நான் என்ன சொன்னேன்?"

"பரீட்சையா?" ஹாலிஸ் நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பத்து மணி, ரெண்டு மீன், மேயுது. தூரம்தான் எனக்கு இன்னும் புரியல. அடுப்படியிலிருந்து கேட் வரைக்கும்னா எவ்வளவு? நாப்பது அடின்னு நானா வெச்சுக்கிட்டேன்."

கோல் எல்வார்டின் கையில் நின்றது.

எல்வார்டின் வீட்டில் இப்போது கேட் இல்லை. புயல் கொண்டுபோய்விட்டது. இருந்தபோது, அடுப்படியிலிருந்து கேட் வரைக்கும் சரியாக நாற்பது அடி. அதை அளந்தவன் அவன்தான்.

அவன் மனைவி ஐடெல்லாவுக்கு அடிக்கணக்கு கடைசிவரை வரவில்லை. அவளும் அவனும் ஒரே படகில் வழிகாட்டிகளாக இருந்தார்கள், மாற்றி மாற்றிக் கோல் பிடித்து. கண் அவளுக்குத்தான் கூர்மை. ஆனால் தூரம் கேட்டால் வீட்டைத்தான் சொல்வாள். கட்டிலிலிருந்து கதவு, அடுப்படியிலிருந்து கேட், வீட்டிலிருந்து கிணறு, வீட்டிலிருந்து சர்ச். மீன்பிடிக்க வந்தவர்கள் விழிப்பார்கள். 'நாப்பது அடி பாஸ், என் பொண்டாட்டி வீட்டை முதுகுல கட்டிக்கிட்டு வந்திருக்கா,' என்று எல்வார்டு மொழிபெயர்ப்பான். 'வீட்டுல ஒரு நாளாவது இருந்திருந்தா உனக்கும் தெரியும்,' என்பாள் அவள். சேற்றில் படகு சிக்கினால் இருவரும் அந்தச் சின்ன மேடையில் ஏறி ஒரே கோலைப் பிடிப்பார்கள். அவள் அவன் முதுகோடு ஒட்டி நின்று, அவன் கைகளுக்கு மேலே தன் கைகளை வைத்துத் தள்ளுவாள்.

புயலுக்கு முந்தின நாள் எல்லோரையும்போல அவர்களும் படகை சாலமன் ஓடைக்குள் கொண்டுபோய் அலையாத்தி வேர்களில் கட்டிவிட்டு வந்தார்கள். கட்டியவன் எல்வார்டு. வீட்டு ஜன்னல்களுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தபோது அவள் வந்து நின்றாள். 'கயிறு குட்டையா விட்டிருக்க. கடல் ஏறினா படகைத் தண்ணிக்குள்ள இழுத்துப் பிடிச்சுக்கும்.'

'பத்தும், விடு,' என்றான், வாயில் ஆணியை வைத்துக்கொண்டு.

அவள் நீளக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். இருட்டுவதற்குள் கடல் ஏறிவிட்டது.

படகு பிழைத்தது. அவள் போட்ட முடிச்சில், அவள் கொண்டுபோன கயிற்றில், கீறல்கூட இல்லாமல் மிதந்துகொண்டிருந்தது. அவளைத்தான் தீவு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.

இன்று காலை படகுத்துறையில், சாப்பாட்டு டப்பாவை நீட்டியபடி ஐடெல்லாவின் அக்கா வெர்டெல் சொன்னாள்: "சனிக்கிழமை அடக்கம். பெட்டி வந்தாச்சு. நீ வந்து நிக்கணும்."

"காலிப் பெட்டிக்கு நான் எதுக்கு அக்கா?"

"அவளோட சர்ச் தொப்பியை வைக்கப் போறேன். செருப்பும்."

"அவ செருப்பு போட்டு நான் பாத்ததே இல்ல."

"அப்ப தொப்பி மட்டும்," என்றாள் வெர்டெல். பிறகு அழுதாள். "அவளுக்குன்னு ஒரு குழி வேணும்டா. எத்தன நாளைக்கு அவ தண்ணியிலயே கிடப்பா?"

எல்வார்டு எஞ்சினைக் கிளப்பினான். அவளை வைத்து மூடினால் மூடட்டும். தொப்பியை வைத்து மூட விடமாட்டேன் என்று இருந்தான். அவளில் ஏதாவது ஒன்று வேண்டும். ஒரு எலும்பு போதும். புயலுக்குப் பிறகு வந்த இந்த முதல் ஆளை அவன் ஒப்புக்கொண்டதே, சனிக்கிழமைக்குள் இன்னும் ஒரு தடவை இந்தத் தண்ணீர் முழுக்கப் பார்த்துவிடலாம் என்றுதான்.

"என்ன, படகு நிக்குது?" என்றார் ஹாலிஸ்.

"ஒண்ணுமில்ல பாஸ். நீங்க முன்னால பாருங்க."

அவன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். படகின் வயிற்றில் தண்ணீர் தட்டுகிற சத்தம். கரையோர வேர்களுக்குள் எங்கோ இறால்கள் விரல் சொடுக்குவதுபோல் எழுப்புகிற சத்தம். தூரத்தில் ஒரு கொக்கு இறக்கையை மடித்தது. வெயிலில் காய்ந்த உப்பின் வாடையும் ஹாலிஸ் பூசியிருந்த களிம்பின் வாடையும் வந்தன. அவற்றுக்கு அடியில், மெல்லியதாக, நாள்பட நனைந்த கயிற்றின் வாடை ஒன்று வந்துகொண்டிருந்தது. இந்தப் படகில் இருந்த கயிறுகள் எல்லாம் காய்ந்திருந்தன.

குரல் எதுவும் கேட்கவில்லை. அவளோடு இத்தனை வருஷம் வாழ்ந்தவனுக்குக் கேட்கவில்லை. நேற்று விமானத்தில் வந்து இறங்கியவருக்குக் கேட்கிறது.

அப்போதுதான் கவனித்தான். மாட்டிய மீன்கள் எல்லாமே இடப்பக்கம். ஒவ்வொரு மீனுக்கும் மூக்கைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பித் திருப்பி, தெற்குத் திட்டுக்குப் போக வேண்டிய படகை அவனே சாலமன் ஓடையின் வாய்க்குக் கொண்டுவந்திருந்தான்.

தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது. வேர்களில் ஈரக்கோடு விரற்கடை அளவு வெளியே தெரிந்தது. வற்றுகிற நேரத்தில் இந்த ஓடைக்குள் போகிறவன், அடுத்த ஏற்றம் வரை சேற்றில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"பன்னெண்டு மணி," என்றார் ஹாலிஸ், தானே சொல்லிப் பார்ப்பதுபோல. வீசினார். நூலை இழுத்தார். மறுபடி வீசினார். "ஒண்ணும் காணோமே. சர்ச் தூரம்னா நூல் எட்டுமா?"

எல்வார்டு நேரே பார்த்தான். ஓடை இரண்டு கரையிலும் பச்சையாக மூடிக்கொண்டு உள்ளே போனது. மணலில் நிழல் இல்லை. மீன் இல்லை.

அவள் மீனைச் சொல்லவில்லை. தன்னைச் சொல்கிறாள்.

படகைத் திருப்ப வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் நினைவில் வந்தது வெர்டெல்லின் கையிலிருந்த தொப்பிதான். அவன் கோலை ஊன்றித் தள்ளினான்.

"வேற ஏதாவது சொன்னா சொல்லுங்க பாஸ்."

"யாரு?"

"நான். நான் ஏதாவது சொன்னா, திருப்பிச் சொல்லுங்க. எனக்குத் தொண்டை சரியில்ல, உங்களுக்குக் கேக்குதான்னு தெரியணும்."

"நல்லாக் கேக்குது. காலையில தூரத்துலேர்ந்து கேட்டுச்சு. இப்ப காதுகிட்ட வந்து சொல்ற மாதிரி இருக்கு." ஹாலிஸ் தோளைக் குலுக்கினார். "தொண்டையைப் பாருங்க. குரல் பாதிதான் வருது. வாயில தண்ணிய வெச்சுக்கிட்டுப் பேசற மாதிரி."

எல்வார்டு கோலை இன்னும் ஆழமாக ஊன்றினான்.

அலையாத்திகள் நெருங்கின. இலைகள் படகின் இரு பக்கமும் உரசின. கொசுக்கள் இருந்திருக்க வேண்டும், இல்லை. இறால்களின் சத்தம் எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"பன்னெண்டு மணி. வீட்டிலிருந்து கிணறு," என்று திருப்பிச் சொன்னார் ஹாலிஸ்.

தள்ளினான்.

"பன்னெண்டு மணி. அடுப்படி, கேட்."

கயிற்றின் வாடை மூக்கை அடைத்தது. கோல் சேற்றில் புதைந்தது. பிடுங்கினான். மறுபடி தள்ளினான்.

"பன்னெண்டு மணி. கட்டிலிலிருந்து கதவு." ஹாலிஸ் தூண்டிலைத் தாழ்த்தினார். "எல்வார்டு, இங்க என்ன மீன் இருக்கப் போகுது?"

ஓடை முடிகிற இடம். எல்வார்டுக்கு அந்த மரம் தெரியும். வளைந்த வேரில் அவன் கட்டிய குட்டைக் கயிறு இன்னும் இருந்தது. அவன் முடிச்சு. கத்தியால் அறுத்த நுனி தண்ணீரில் ஆடியது. படகை மீட்ட நாளில் பார்த்ததுதான்: அவள் இதுவரை வந்திருக்கிறாள். இங்கே நின்று, அவன் கட்டியதை அறுத்துவிட்டு, தன் கயிற்றைப் போட்டிருக்கிறாள்.

அவன் குனிந்து பார்த்தான். தெளிந்த தண்ணீர். சேறு இங்கே முடிந்து, வெள்ளை மணல். வேர்களுக்கிடையே, வேர்களுக்கடியே, கை நுழைகிற பொந்துகளிலெல்லாம் பார்த்தான். ஒரு துணிக்கிழிசல் இல்லை. ஒரு எலும்பு இல்லை. மணல் கழுவித் துடைத்த தரைபோல் இருந்தது.

தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவனுடையதுதான்.

"அவ இல்ல," என்றான். "இங்கயும் இல்ல."

ஹாலிஸ் அதைக் கேட்கவில்லை. அவர் தலை மறுபடி சாய்ந்திருந்தது. ஒருமுறை ஆடியது. பிறகு குழம்பி நின்றது.

"ஆறு மணியா?" என்றார். "ஆறு மணின்னா பின்பக்கமில்ல? அங்க நீங்கதானே நிக்கறீங்க?"

எல்வார்டு இரண்டு கைகளாலும் கோலைப் பிடித்துக்கொண்டான்.

"எவ்வளவு தூரம்னு சொன்னேன் பாஸ்?"

"தலையணைக்குத் தலையணை."

ஹாலிஸின் தோள் திரும்பத் தொடங்கியது.

"திரும்பாதீங்க." அவன் சத்தம் போடவில்லை. கெஞ்சினான். "பாஸ், தயவு பண்ணி. முன்னாலயே பாருங்க."

தோள் நின்றது.

சூரியன் பின்னால், வலப்பக்கம் சாய்ந்திருந்தது. படகின் நிழல் இடப்பக்க மணலில் நீளமாகக் கிடந்தது. எல்வார்டு அதைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தான். வாழ்நாள் முழுக்க நிழல் பார்த்துப் பழகிய கண். பார்த்தது.

மூக்கில் ஹாலிஸ். தொப்பி, தூண்டில்.

பின்மேடையில் அவன். கோல். கோலில் அவன் இரண்டு கைகள்.

அவற்றுக்கு மேலே இன்னும் இரண்டு.

அவன் தோளின் நிழல்மீது ஒரு முகவாய் சாய்ந்திருந்தது. அவிழ்ந்த கூந்தல் தொங்கியது. அதன் நுனியிலிருந்து நிழல் துளிகள் விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு துளிக்கும் அவன் சட்டையின் முதுகு நனைந்தது. குளிர்ந்தது.

"ஐடெல்லா," என்றான். "சனிக்கிழமை உன்னை..."

அதற்கு மேல் வரவில்லை. கையை எடுக்க நினைத்தான். எடுக்கவில்லை. அந்தக் கைகள் அங்கே இருந்து எவ்வளவு நாளாகிவிட்டது.

தண்ணீர் வேர்களை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. ஓடையின் வாய் பின்னால் மூடிக்கொண்டு வந்தது.

"எல்வார்டு?" என்றார் ஹாலிஸ், முன்னாலேயே பார்த்தபடி. "வழிதான் முடிஞ்சிருச்சே. இன்னும் எங்க தள்ளறீங்க?"

எல்வார்டு தள்ளவில்லை. மணலில், நான்கு கைகளுக்குக் கீழே, கோலின் நிழல் மெதுவாகச் சாய்ந்து, ஊன்றி, நிமிர்ந்தது. படகின் மூக்கு இலைகளை விலக்கிக்கொண்டு, தண்ணீரே இல்லாத இருட்டுக்குள் வழுக்கிப் போயிற்று.