தகடு பிடித்த கை

“அம்மா, தகட்டைப் பிடிக்க ஒரு கை வேணும்னு அவகிட்ட சொல்லும்மா.”

“அம்மா, என் ரெண்டு கையும் படம் வரையுதுன்னு அவன்கிட்ட சொல்லும்மா.”

அம்மா தையல் மிஷினை நிறுத்தினாள். “ஒரே அறையில உட்கார்ந்திருக்கீங்க. நடுவுல நான் என்ன தபால்காரியா?”

அண்ணனும் தங்கை பட்டாணியும் பேசி மூன்று நாளாகிறது. சண்டை எதற்கு என்று இருவருக்குமே மறந்துவிட்டது. பந்தயம் மட்டும் மறக்கவில்லை. முதலில் பேசுகிறவர் ஒரு மாதம் பாத்திரம் கழுவ வேண்டும்.

“தைச்ச சட்டையைக் கொடுத்துட்டு வரேன். வரும்போது வீடு வீடா இருக்கணும்.” அம்மா கிளம்பிவிட்டாள். தபாலும் நின்றுவிட்டது.

அண்ணன் பள்ளிப் போட்டிக்கு ஒரு கார்ட்டூன் படம் செய்திருந்தான். ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டரோ பத்து நிமிடம் ஓடினால் அடுப்பாய்க் கொதித்து, பட்டென்று அணைந்துவிடும். அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் செம்புக் குழாயும் பெரிய விசிறியுமாக ஒரு புதுக் கூலர் வந்திருந்தது.

நிறுத்திவைத்த கம்ப்யூட்டர் பெட்டியின் இரு பக்கக் கதவுகளையும் அவன் கழற்றியிருந்தான். நடுவில் மதர்போர்டு என்னும் சர்க்யூட் பலகை. அதன் முன்னால் கூலர் உட்கார வேண்டும். பின்னால் ஓர் இரும்புத் தகடு. முன்பக்கத் திருகுகள் துளை வழியாகப் போய் அந்தத் தகட்டில்தான் மாட்ட வேண்டும்.

அண்ணன் திருகைத் தொட்டான். தகடு ‘டணார்’ என்று விழுந்தது.

டேப் ஒட்டிப் பார்த்தான். டணார். அகராதியை முட்டுக்கொடுத்தான். டணார், அதன் பின்னாலேயே அகராதியும் தொப்!

“என்னடா இது சோதனை!” என்றான். தனக்குத்தானே பேசுவது பந்தயத்தில் சேராது.

பட்டாணி ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் காது சிவந்திருந்தது. அழுகை வருமுன் அவனுக்குக் காதுதான் முதலில் சிவக்கும். அது அவளுக்கு மட்டுமே தெரியும்.

நான்காம் முறை தகடு விழவில்லை.

அண்ணன் எட்டிப் பார்த்தான். பெட்டியின் பின்னால் ஒரு குட்டிக் கை, தகட்டை அழுத்திப் பிடித்திருந்தது. அவன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். கூலரை வைத்து முதல் திருகை முறுக்கினான். முறுக்கினான். இன்னும் முறுக்கினான்.

பட்டாணியின் உள்ளங்கைக்குள் தகடு சாய்ந்தது. ஒரு மூலை இறுக, எதிர் மூலை மேலே எழும்பியது. முன்னால் இருப்பவனுக்கு அது எப்படித் தெரியும்?

டொக் டொக் என்று பெட்டியைத் தட்டினாள். அவன் காதில் ஏறவில்லை. மதர்போர்டு ‘கிரீச்’ என்றது.

“அண்ணா, நிறுத்து!”

அண்ணன் திருப்புளியோடு எட்டிப் பார்த்தான்.

“ஐய்! பேசிட்டே!”

“பேசிட்டேன், அதுக்கென்ன இப்போ? முதல்ல அந்தத் திருகைத் தளர்த்து. அம்மா வட்டத் தலகாணிக்கு எப்படி ஊசி குத்துவாங்க?”

“மேல ஒண்ணு, கீழ ஒண்ணு...”

“அப்படித்தான். இங்க கொஞ்சம், எதிர் மூலையில கொஞ்சம். ஒரே பக்கமா இழுத்தா கோணிக்கும், மண்டு!”

“சரிடி, பட்டாணி. இப்போ?”

“இன்னும் அரைச் சுத்து. எதிர்ல அரைச் சுத்து. ம்... இப்போ சமமா இருக்கு.”

விசிறி ‘உஸ்ஸ்’ என்று சுழன்றது. பத்து நிமிடம் ஓடியது. இருபது ஓடியது. ஆறாக ஐந்து நிமிடம் இருக்கும்போது படம் போய்ச் சேர்ந்தது. அண்ணனின் காதும் பழைய நிறத்துக்கு வந்தது.

அம்மா உள்ளே வந்தாள். “அடடே, பேச்சுச் சத்தம்! யார் தோத்தது?”

“நான்தாம்மா,” என்றான் அண்ணன்.

“பொய்! நான்தான் தோத்தேன்!”

“நான் தோத்ததைப் பறிக்காதடி!”

“யார் பறிச்சா? முதல்ல பேசினது நான்!”

முடிவில் ஒருவர் தேய்க்க, ஒருவர் அலச, மூன்று நாள் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் இருவரும் சமையலறையில் கொட்டித் தீர்த்தார்கள்.

அம்மா காதைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: “உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இன்னொரு பந்தயம் கட்டுங்களேன்!”