நாற்பத்தைந்து நிமிட அமைதி

அவள் இறங்கிப் போன பிறகும் அந்த கேசட்டில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதலில் அதை நாடாவின் இரைச்சல் என்றுதான் நினைத்தாள். பழைய கேசட், அதைவிடப் பழைய கார், தானே வெட்டி ஒட்டிய வயர்கள்; இரைச்சல் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் இரைச்சல் ஒரே மட்டமாக ஓடும். இது மெல்ல ஏறியது, ஒரு கணம் நின்றது, இறங்கியது. காது கேட்கும் கருவிகளைப் பழுதுபார்க்கும் கடையில் ஒன்பது வருடமாக வேலை செய்பவள் அவள். காதுக்குள் எறும்பு ஊர்கிறது என்று வந்து நிற்பவர்களிடம், எது கருவியின் சத்தம், எது அவர்களுடைய சத்தம் என்று பிரித்துச் சொல்லிப் பழகியவள். இது மூச்சு.

அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், இரண்டு தூண்களுக்கு நடுவே, சுவரை ஒட்டி நின்றிருந்தது கார். மாலை ஆறு மணி. மேலே இன்னும் வெயில் மிச்சமிருக்கும். இங்கே காலையும் மாலையும் ஒன்றுதான்: ஈர சிமெண்ட் வாசனை, டயர் வாசனை, எங்கோ ஒரு குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டீரியோவுக்குக் கீழே அவள் துளைபோட்டுப் பொருத்திய குட்டி ஸ்விட்ச் கேசட் பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு மேலே போய் மகளை அழைத்துவர வேண்டும். இன்றைக்குக் கட்டாயம் என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

எல்லாம் மகளுக்காகத்தான். ஏழு வயது. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். தானே கட்டிய ஒரு பாட்டை அம்மாவின் ஃபோனில் பாடிப் பதிந்துவிட்டு, அதைக் கார் ஸ்பீக்கரில்தான் கேட்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். காரின் ஸ்டீரியோவுக்கோ ரேடியோவும் கேசட்டும் தவிர வேறொன்றும் தெரியாது. அம்மா போய்க் கேட்ட கார் எலக்ட்ரீஷியன் பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இத வித்தா காசு தரமாட்டாங்க மேடம், மாலை போடுவாங்க. புதுசு மாத்திடுங்க, நானும் பொழைச்சுக்குவேன்."

"நீங்க பொழைக்கிறதுக்கு வேற யாராவது வருவாங்க. எனக்கு வழிய மட்டும் சொல்லுங்க."

"ஆறு கால் ஸ்விட்ச் ஒண்ணு வாங்குங்க. நடுக்கால் ரெண்டும் ஆம்ப்ளிஃபயருக்கு. மேல தள்ளினா ஃபோன், கீழ தள்ளினா கேசட். ஆனா ஒண்ணு, உள்ள கேசட் சுத்திக்கிட்டே இருக்கணும். நின்னா பெட்டி தானா ரேடியோவுக்குப் போயிடும்."

"எந்த கேசட்டா இருந்தாலும் பரவாயில்லையா?"

"எந்த ஸ்விட்சும் முழுசா அடைக்காது மேடம், கொஞ்சம் கசியும். உங்க பொண்ணு பாட்டுக்கு அடியில எவனாவது முணுமுணுப்பான். ஒண்ணுமே இல்லாத கேசட்டா போடுங்க."

சாப்பாட்டு இடைவேளைகளில் கடையின் மேஜையிலேயே பற்றவைத்து முடித்தாள். இடப்பக்கத்துக்கு வெள்ளை, வலப்பக்கத்துக்குச் சிவப்பு, பொது வயருக்குக் கறுப்பு. ஒவ்வொரு காலிலும் ஈயம் மின்னி இறுகும்போது ஒரு சின்ன சந்தோஷம். ஒன்றுமே பதியாத கேசட்டில்தான் கஷ்டம் வந்தது. வீட்டில் இருந்தவை எல்லாவற்றிலும் ஏதாவது பாட்டு இருந்தது. அழிக்க வேண்டுமென்றால் அமைதியை அதன்மேல் பதிய வேண்டும். கையில் இருந்த பழைய ரெக்கார்டரின் மைக்கை நிறுத்த வழியில்லை. அது எதைக் கேட்டாலும் பதியும். ஆகவே உண்மையான அமைதி ஒன்று தேவைப்பட்டது. நாற்பத்தைந்து நிமிடத்துக்கு, கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க.

வீட்டில் அது கிடைக்காது. டிவி, மாமியாரின் ஃபோன் பேச்சு, மகளின் ஓட்டம், கணவன் எதையோ தேடித் திறந்து மூடும் அலமாரிகள். அவளுக்குத் தெரிந்த ஒரே அமைதி இந்தக் கார்தான்.

அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வேலை முடிந்து வந்ததும் இங்கே நிறுத்திவிட்டு இருபது நிமிடம், அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். அழுகை இல்லை, கோபம் இல்லை. கடை நாற்காலிக்கும் சமையல் மேடைக்கும் நடுவில், யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஒரே இருக்கை. "கார் வந்து அரை மணி ஆச்சு, லிஃப்ட்ட இவதான் கையால இழுத்துக்கிட்டு வரணும் போல" என்று மாமியார் சொல்வது வழக்கம். சிரித்து மழுப்புவாள். சில நாள் மேலே போகவே கால் வராது. மகளின் முகத்தை நினைத்துக்கொண்டு, அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பாள்.

மூன்று நாளைக்கு முன், செவ்வாய்க்கிழமை, அப்படி உட்கார ஒரு காரணம் இருந்தது. ரெக்கார்டரைப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு, குற்ற உணர்வே இல்லாமல் உட்கார்ந்தாள். முப்பதாவது நிமிடத்தில் ஃபோன் அடித்தது.

அது கேசட்டில் இருந்தது. சற்று முன்தான் கேட்டாள். ஃபோனில் மகளின் குரல் எறும்புக் குரலாக: "அம்மா, எங்க இருக்க?" தன் குரல்: "இதோ வந்துட்டேன் கண்ணு." கதவு திறந்து சாத்தும் சத்தம். செருப்பு சிமெண்டில் தேய்ந்து தேய்ந்து தூரமாகிறது. லிஃப்டின் மணி. பிறகு ஒன்றுமில்லை. ரெக்கார்டரை நிறுத்த மறந்து போயிருக்கிறாள், அவ்வளவுதான். மிச்சப் பதினைந்து நிமிடம் ஆளில்லாத காரின் அமைதி. அதைத்தான் கேட்க வேண்டும்.

கேட்டது மூச்சு.

ஒலியைக் கூட்டினாள். மூச்சு நாலு ஸ்பீக்கரிலும் நிரம்பியது. இப்போது இடையில் மூக்கை உறிஞ்சும் சத்தம், அடுத்தடுத்து இரண்டு தடவை, இரண்டாவது சின்னதாக. அந்த உறிஞ்சலை அவளுக்குத் தெரியும். சளி இல்லாதபோதும் நீ இப்படித்தான் உறிஞ்சுகிறாய் என்று கணவன் அவளைக் கேலி செய்வான்.

யாரோ கதவின் கைப்பிடியை இழுத்தார்கள். க்ளிக். மறுபடி, க்ளிக். உள்ளேயிருந்து. உள்ளங்கை கண்ணாடியில் படும் சத்தம், முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. அப்புறம் ஒரு குரல், தூக்கத்திலிருந்து எழுந்தவள் குரல் போல, குழம்பி, மிகத் தெளிவாக:

"நான் இன்னும் இறங்கவே இல்லையே."

அவள் குரல்தான்.

வெளியே விளக்கு அணைந்தது. கீழ்த்தளத்து விளக்குகள் அப்படித்தான். ஆள் அசைந்தால் எரியும், அசைவில்லாவிட்டால் அணைந்துவிடும். அவள் கையைத் தூக்கி ஆட்டினாள். தினமும் செய்வதுதான். எரியவில்லை. கண்ணாடிக்கு அருகே போய், பேருந்தை நிறுத்துகிறவள் மாதிரி இரண்டு கையையும் ஆட்டினாள். இருட்டு அப்படியே இருந்தது. ஸ்டீரியோவின் பச்சை வெளிச்சம் மட்டும் அவள் விரல்களில் விழுந்தது. அப்போது எதிர் வரிசையில் ஒரு பூனை இரண்டு கார்களுக்கு நடுவே நிதானமாக நடந்தது.

விளக்கு எரிந்தது.

பூனைக்கு எரிந்தது.

கதவைத் திறந்து போய்விட வேண்டும் என்று நினைத்தாள். கைப்பிடியை இழுத்தாள். க்ளிக். பூட்டை விடுவித்துவிட்டு இழுத்தாள். க்ளிக். பக்கத்துக் கதவு. பின்கதவுகள். எல்லாக் கைப்பிடிகளும் இணக்கமாக வந்தன, கதவுகள்தான் வரவில்லை. பழைய கார், எங்கோ சிக்கிக்கொண்டிருக்கிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள், கடைக்கு வருகிறவர்களிடம் பேசும் அதே பொறுமையான குரலில். பயப்பட ஒன்றுமில்லை. நிதானமாக யோசி. நேற்று இரவு என்ன சாப்பிட்டாய்?

ஞாபகம் வரவில்லை.

இன்று காலை வாலுவுக்குத் தலை வாரியது யார்? முந்தாநாள்? கண்ணை மூடித் தேடினாள். ஸ்டியரிங் இருந்தது. சாலை இருந்தது. சிவப்பு விளக்கில் நின்றது, கடை வாசலில் மதியம் முழுக்கக் கார் வெயிலில் காய்ந்தது, ஸ்விட்சுக்குத் துளை போட்டபோது சிதறிய பிளாஸ்டிக் தூள், எல்லாம் இருந்தன. காருக்கு வெளியே ஒன்றுகூட இல்லை. லிஃப்டின் உட்புறம் இல்லை. வீட்டு வாசல் இல்லை. கடைசியாக நினைவிலிருந்த மகளின் தலைமுடி வாசனை செவ்வாய்க்கிழமைக்கு முந்தியது.

குனிந்து பார்த்தாள். கழுத்தில் கடை அடையாள அட்டை. உடம்பில் செவ்வாய்க்கிழமை உடுத்திய உடை.

ஃபோன் டாஷ்போர்டில், வயரோடு இணைந்து கிடந்தது. ஸ்விட்சை மேலே தள்ளினாள். மூச்சுச் சத்தம் நின்றது. வீட்டுக்கு அடித்தாள். மணி காரைச் சுற்றிச் சுற்றி ஒலித்தது.

"ஹலோ?" கணவன்.

"கீழ வாங்க. கார்ல மாட்டிக்கிட்டேன். உடனே வாங்க."

"ஹலோ? யாரு? காத்தடிக்கிற மாதிரி கேக்குது." பிறகு ரிசீவரிலிருந்து முகத்தைத் திருப்பி, யாரிடமோ: "உன் நம்பர்லருந்துதான் வருது. உன் ஃபோன் எங்க?"

நாலு ஸ்பீக்கரிலும், தூரத்தில், கரண்டி ஒன்று தட்டில் படும் சத்தத்துக்கு மேலாக, அவள் குரல் பதில் சொன்னது.

"கார்லயே விட்டுட்டேன் போல. தானா அமுங்கியிருக்கும். வாலு, வா, போய் எடுத்துட்டு வரலாம். உன் பாட்டையும் கேட்டுடலாம்."

மாமியாரின் சிரிப்பு. "சீக்கிரம் வந்துடுங்க. ஆறிடும்."

"அவ இப்பல்லாம் எங்க கீழ உக்கார்றா?" என்றான் கணவன். "மூணு நாளா நேரா மேல வந்துடுறாளே. வீடே நல்லாருக்கு."

வைத்துவிட்டான்.

அவள் கண்ணாடியை அடித்தாள். செருப்பைக் கழற்றி அடித்தாள். செருப்பு படும் சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. ஹாரனை அழுத்தினாள். ஒன்றுமில்லை. மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினாள், வாலு என்று இல்லை, முழுப் பெயரை, பள்ளியில் சேர்க்கும்போது எழுதிய பெயரை. கார் அதை வாங்கி வைத்துக்கொண்டது.

லிஃப்டின் மணி.

விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டே வந்தன. இரண்டு பேர். சின்னவள் முன்னால் குதித்துக்கொண்டு வந்தாள். இரட்டைப் பின்னல், வகிடு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. அவளுக்கு ஒருநாளும் அப்படி வந்ததில்லை. பின்னால் வந்தவள் அவசரப்படவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்த முகம். மகள் ஏதோ சொல்ல, நின்று, குனிந்து, கடைசிவரை கேட்டு, பிறகு சிரித்தாள்.

நான் அப்படிக் கேட்டதே இல்லை என்று நினைத்தாள். அந்த நினைப்பு பயத்தைவிட ஆழமாகக் குத்தியது.

ஓட்டுநர் கதவு வெளியிலிருந்து சுலபமாகத் திறந்தது. சோப்பு வாசனையும் வெளிக்காற்றும் உள்ளே வந்தன. இப்போது. இப்போது இறங்கிவிடலாம். காலைத் தூக்கினாள். கால் வரவில்லை. எத்தனையோ மாலைகளில் வராமல் இருந்த அதே கால்.

வந்தவள் உட்கார்ந்தாள். மடியில் இல்லை. நிறைந்த பாத்திரத்தில் இன்னும் தண்ணீர் ஊற்றுவது போல, உள்ளே. முதுகுக்குள் ஒரு முதுகு வந்து பொருந்தியது. விரல்களுக்குள் விரல்கள்.

"பாட்டு போடும்மா," என்றாள் மகள், பின்னிருக்கையில் ஏறி.

கை நீண்டது. அவள் நீட்டவில்லை. ஃபோனைத் தொட்டது. மகளின் குரல் பெரிதாக, அழகாக, நாலு பக்கமும் எழுந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு தன் பாட்டையே கேட்டாள். முடிந்ததும் முன்னிருக்கையைப் பிடித்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, உள்ள சுத்துற கேசட்ட வெளிய எடுத்தா பாட்டு நின்னுடுமா?"

"நின்னுடும் கண்ணு."

"அப்ப எடுக்காத."

"எடுக்க மாட்டேன்."

அந்தப் பதில் தன் தொண்டையைக் கடந்து போவதை அவள் உணர்ந்தாள். இதமான, பொறுமையான பதில்.

"மேல போலாமா? இல்ல, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா?"

"ரவுண்டு."

கை தோளுக்குப் பின்னால் போய் சீட் பெல்ட்டை இழுத்தது. பட்டை ஒரு நெஞ்சின் மேல் படிந்து, அதற்கு அடியில் இருந்த இன்னொரு நெஞ்சையும் அழுத்திக்கொண்டு இறங்கி, இடுப்பருகே மாட்டிக்கொண்டது. பின்புறம் காட்டும் கண்ணாடியில் மகள் கையசைத்துச் சிரித்தாள். கண்ணாடியில் இருந்த முகம் திரும்பச் சிரித்தது.