கெண்டைக்கால் மச்சம்

தட்டில் போட்டது போட்டபடியே இருந்தது. அதைப் பார்த்ததும் நாத்தனார் பொரிந்து தள்ளினாள்.

“மூணு மாசமா பாக்கறேன் அண்ணி... நான் சமைச்சா மட்டும் உங்களுக்குத் தொண்டையில எறங்க மாட்டேங்குது. என் கை அவ்வளவு கசக்குதா?”

அண்ணி வயிற்றுக்குள் முறுக்கிப் பிழிந்த வலியைக் கையால் அழுத்திக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்து சொன்னால் என்னவாம்? அப்படி ஒரு பிறவி அவள்! அன்று மத்தியானம் ரத்தமாக வாந்தி எடுத்தபோதுதான் வீடு கதிகலங்கியது.

பத்து நாள் கழித்து, பரிசோதனை முடிவோடு டாக்டர் அண்ணன், அண்ணி, நாத்தனார் மூவரையும் உட்கார வைத்தார்.

“இது தோல்ல ஆரம்பிக்கிற புற்றுநோய். இரைப்பைக்கும் குடலுக்கும் பரவியிருக்கு. ஏதாவது மச்சம் பெருசாச்சா? எடுத்தீங்களா?”

“இல்லீங்க டாக்டர்” என்றாள் அண்ணி, அவர் கேட்டு முடிப்பதற்குள்.

நாத்தனாரின் முகம் வெளுத்தது. மூன்று வருடத்துக்கு முன் அவள் முன்னறையில் அழகு நிலையம் திறந்தபோது, மச்சம் பொசுக்கும் மெஷினை நம்பி ஒருத்தரும் உட்காரவில்லை. அண்ணிதான் காலை நீட்டி, “என் கெண்டைக்கால் மச்சத்துல கையப் பழகிக்கோ” என்றாள். கறுத்துத் தடித்த மச்சம். பொசுக்கியதைக் குப்பையில் போட்டுவிட்டு இருவரும் சிரித்தார்கள்.

“பொய் சொல்றாங்க டாக்டர்... நான்தான் சுட்டு எடுத்தேன்.”

வெளியே வந்து அண்ணியைப் பெஞ்சில் உட்கார வைத்ததும் அண்ணன் தங்கையைப் பார்க்காமலே பேசினான்.

“அம்மா இல்லாத பிள்ளைன்னு உன்னை மடியில போட்டு வளத்தவடி இவ. இனிமே என் மூஞ்சியில முழிக்காத.”

“அவளுக்கென்ன தெரியும்? தடிச்சு வளருதுன்னு தெரிஞ்சும் டாக்டர்கிட்ட காட்டாதவ நான்” என்றாள் அண்ணி.

“நீ பேசாத.”

“பேசத்தான் போறேன். நான் இன்னும் எத்தனை நாளோ... எனக்கப்புறம் உங்களுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க இவ ஒருத்திதான். இவளையும் தொலைச்சுட்டு நீங்க தனியா உக்காந்திருந்தா, நான் எப்படிங்க நிம்மதியா கண்ண மூடுவேன்?”

அவன் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். நாத்தனார் அண்ணியின் காலைக் கட்டிக்கொண்டாள்.

“என்னை ஒரு வார்த்தை திட்டவாவது செய்யுங்க அண்ணி...”

அண்ணி அவள் தலையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். வலித்தது. ஆனாலும் விடவில்லை.

“திட்டத் தெம்பு இல்லடி. உங்கண்ணன் அழறாரு பாரு, போய்க் கண்ணத் தொடச்சு விடு. என்னால எந்திரிக்க முடியல.”

நாத்தனார் தயங்கித் தயங்கிப் போனாள். அண்ணன் அவள் கையைத் தட்டிவிடவில்லை.