கழுவிய பேனா... காயாத வரி!

டெலிபோன் அலறியது.

ஏட்டு எடுத்தார். காதில் வைத்தார். இரண்டே விநாடியில் முகம் கோணியது.

"என்னம்மா? மறுபடி சொல்லுங்க..."

கேட்டார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார்.

"சார், ஒரு பொண்ணு. அப்பா செத்துட்டாராம்."

"எப்படி?"

"மாரடைப்பு. டாக்டரே எழுதிக் கொடுத்துட்டாராம்."

"அப்புறம் நமக்கு எதுக்கு போன்?"

ஏட்டு குரலைத் தாழ்த்தினார்.

"அவரோட பேனா சுத்தமா இருக்காம் சார்!"

இன்ஸ்பெக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு நாற்பது.

"மூணு மணிக்கு மின் மயானமாம். அதுக்குள்ள வரலேன்னா அவரோட உண்மையும் சாம்பலாயிடும்னு அழுவுது."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்தார்.

"வண்டியை எடுய்யா!"

மாடி வீடு. ஹாலில் உடல். சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் தொண்டையைச் செருமியபடி உறவினர்கள்.

மகள் வாசலிலேயே நின்றாள். கழுத்தில் இன்னும் ஆபீஸ் அடையாள அட்டை. கண்கள் வீங்கியிருந்தன. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"மாடிக்கு வாங்க சார்."

அப்பாவின் எழுதும் அறை.

கண்ணாடி அலமாரி முழுக்கப் பேனாக்கள்! மெத்தென்ற துணியில் பள்ளம் வைத்து, ஒவ்வொன்றாகப் படுக்க வைத்திருந்தார்கள். கறுப்பு, தேன் நிறம், ஆமை ஓட்டு நிறம். இறந்தவர் ரிட்டயர்டு சர்வேயர். நிலத்தை அளந்து ஓய்ந்த பிறகு நிப்பை அளக்க ஆரம்பித்தவர்.

"அறுபத்தொரு பேனா," என்றாள் மகள். "எனக்குக் கூடப் பொறந்தவங்க அறுபத்தொரு பேர்னு அப்பா சொல்வாரு."

"சரி, விஷயத்துக்கு வாம்மா."

"காலைல ஒன்பதரை மணிக்கு நான் ஆபீஸ் கிளம்பிட்டேன். பதினோரு மணிக்கு, மறந்து வெச்சுட்டுப் போன மூக்குக் கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்தேன். அப்பா இந்த நாற்காலியிலயே..."

நிறுத்தினாள். உதட்டைக் கடித்தாள்.

"நோட்டு திறந்திருந்தது. கடைசி வரி பாதியில நிக்குது. பாதியிலன்னா... ஒரு வார்த்தைக்கு நடுவுல!"

"எழுதறப்ப வலி வந்திருக்கு."

"அப்போ பேனா எங்க இருந்திருக்கணும்?"

"கையில. இல்ல, கீழே."

"மேஜை மேல இருந்தது. மூடி போட்டு. ஓரத்துக்கு நேரா. திறந்து பாருங்க."

இன்ஸ்பெக்டர் மேஜை மேலிருந்த கறுப்புப் பேனாவை எடுத்தார். குண்டுப் பேனா. கழுத்தைத் திருகிக் கழற்றி ஃபில்லரால் மை ஊற்றுகிற பழைய ரகம்.

திருகினார்.

உள்ளே மை இல்லை!

ஒரே ஒரு துளி இருந்தது. தண்ணீர்!

"ரெண்டுல ஒண்ணு சார். செத்தவர் எழுந்து போய்ப் பேனாவைக் கழுவி வெச்சுட்டு மறுபடி வந்து செத்திருக்கணும். இல்ல..."

"இல்ல?"

"அவர் சாகும்போது இந்த ரூம்ல இன்னொருத்தர் இருந்திருக்கணும்!"

ஏட்டு கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் பக்கத்து வாஷ்பேசினைக் குனிந்து பார்த்தார். வெள்ளைப் பீங்கானில் மெல்லிய நீலக் கோடு. குப்பைக் கூடையில் ஒரு டிஷ்யூ. நாலாக மடித்திருந்தது. நடுவில் மாதுளை விதை அளவு நீலப் பொட்டு.

"யாரோ அவசரத்துல துடைச்சிருக்காங்க," என்றார்.

"அவசரத்துல துடைக்கறவங்க சட்டையில துடைப்பாங்க சார்."

ஏட்டு பாக்கெட்டின் மேலிருந்த மைக் கறையைக் கையால் மறைத்தார்.

"டிஷ்யூவை நாலா மடிச்சு, அது மேல நிப்பைத் தலைகீழா நிறுத்தி, மிச்ச ஈரத்தை உறிஞ்ச விடறது பேனாப் பைத்தியங்க மட்டும்தான். நானும் பைத்தியம். அதான் தெரியுது. இது எங்க தாத்தா பேனா. மை உள்ளேயே காஞ்சா கழுத்து அடைச்சுக்கும். பேனாமேல உயிரா இருக்கறவங்களால அதைப் பார்த்துட்டு சும்மா போகவே முடியாது."

"பொணம் பக்கத்துல இருந்தாலுமா?"

அவள் கூடையிலிருந்த டிஷ்யூவைக் காட்டினாள்.

"இந்த வீட்டுக்கு வர்ற பைத்தியம் வேற யாரு?"

"வக்கீல் மாமா. அப்பாவோட பேனா சிநேகிதர். கீழே இருக்காரு."

அதற்குள் படிக்கட்டில் தடதட சத்தம்!

"என்ன சார் இது? சாவு வீட்ல போலீஸ்!"

வியர்த்த நெற்றி. கசங்கிய சட்டை.

"சித்தப்பா," என்றாள் மகள். "அப்பாவோட தம்பி."

"சின்னப் பொண்ணு சார். அதிர்ச்சியில உளறுது. பேனா கழுவியிருக்குன்னு கேஸ் போடுவீங்களா? நாளைக்குத் தட்டு கழுவியிருக்குன்னு போன் பண்ணும், வருவீங்களா?"

"சாப்பாடு இருந்தா வருவேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்க இங்க எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"பதினொண்ணே முக்கால். இவ போன் பண்ணின பிறகுதான். அண்ணன் வாசல்படி மிதிச்சே மூணு மாசம் ஆச்சு."

"உங்களுக்கும் பேனா ஆசை உண்டோ?"

"எனக்கா!" அவர் சிரிக்கப் பார்த்தார். "ரீஃபில் பேனா போதும் சார் எனக்கு. தீர்ந்தா தூக்கிப் போட்டுட்டுப் போய்க்கிட்டே இருப்பேன். இதையெல்லாம் பார்த்தாலே எனக்கு அலர்ஜி."

சொன்னார். ஆனால் கண்கள் இன்ஸ்பெக்டரின் முகத்தில் இல்லை. கையில் இருந்தன. நிப் தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கறுப்புப் பேனாவில்!

"அது... எங்க அப்பாவோடது. ஞாபகத்துக்கு நான் வெச்சுக்கறேன்னு கேக்க நினைச்சேன். அவ்ளோதான்."

"கேக்கலாமே. முதல்ல வக்கீலை வரச் சொல்லுங்க."

வக்கீல் வந்தார். கறுப்புக் கோட்டு. சட்டைப் பையில் மூன்று பேனா.

"காலைல ஒன்பதரைலேர்ந்து பன்னண்டு வரைக்கும் கோர்ட்ல இருந்தேன் சார். நாப்பது பேர் சாட்சி. ஜட்ஜ் மட்டும் சாட்சி சொல்ல முடியாது, தூங்கிட்டாரு."

சந்தேகப் பட்டியலிலிருந்து அவர் கழன்றார்.

மணி ஒன்று ஐம்பது.

இன்ஸ்பெக்டர் மேஜை மேலிருந்த நோட்டை எடுத்தார். இன்றைய தேதி. ஐந்தாறு வரிகள். கடைசியில் அந்த உடைந்த வார்த்தை.

படித்தார். புருவம் ஏறியது. மறுபடி படித்தார்.

"இதை நீ படிச்சியாம்மா?"

"இல்ல சார். அப்பா டைரியை அவர் அனுமதி இல்லாம எப்பவும் படிச்சதில்ல. கடைசி எழுத்தை மட்டும்தான் பார்த்தேன்."

நோட்டை அவள் பக்கம் திருப்பினார். அவள் படித்தாள். கண்கள் நிறைந்தன.

"அழாதே. நேரமில்ல. அந்தப் பேனாவை எப்படி ஒரேயடியா நாசம் பண்றதுன்னு மட்டும் சொல்லு."

அவள் நிமிர்ந்தாள். சொன்னாள்.

மணி இரண்டு இருபது. வாசலில் அமரர் ஊர்தி ஹாரன் அடித்தது.

"நேரமாச்சு சார்!" சித்தப்பா பரபரத்தார்.

"ஒண்ணுமில்லேன்னு எழுதிட்டேன். உங்க கையெழுத்து ஒண்ணு போட்டுட்டா நாங்க கிளம்பிடுவோம்."

சித்தப்பாவின் தோள்கள் இறங்கின. மாடிக்கு வந்தார். மேஜை முன் உட்கார்ந்தார்.

இன்ஸ்பெக்டர் கறுப்புப் பேனாவை எடுத்தார். கழுத்தைத் திருகினார்.

"உங்க அப்பா பேனாவுலயே போடுங்க. ஆனா மை இல்லியே... ஏட்டு, ஜீப்புல மை இருந்துதே?"

ஏட்டு ஒரு சின்ன பாட்டிலை நீட்டினார். மேலே ஊதா எழுத்தில் லேபிள். ஸ்டாம்ப் பேட் மை!

சித்தப்பா லேபிளையே பார்த்தார்.

"என்... என்கிட்ட ரீஃபில் பேனா இருக்கு சார்."

"இருக்கட்டும். செத்தவருக்கு ஒரு மரியாதை."

ஃபில்லர் பாட்டிலுக்குள் போனது. உறிஞ்சியது. வெளியே வந்தது. நுனியில் ஊதாத் துளி ஒன்று திரண்டது...

வீங்கியது...

பேனாவின் வாய்க்கு நேராக நடுங்கியது...

சித்தப்பா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார்.

சொட்!

முதல் துளி உள்ளே விழுந்தது.

"ஏட்டு, இன்னும் எவ்ளோ பிடிக்கும் இது?"

"ஊத்துங்க சார், ரொம்பினா வழியும்!"

இரண்டாவது துளி திரண்டது...

"நிறுத்துய்யா!"

அலறிக்கொண்டு எழுந்தார் சித்தப்பா. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அறிவிருக்கா உனக்கு? அது ஸ்டாம்ப் பேட் மை! கிளிசரின் இருக்கும். கழுத்தோட ஒட்டிக்கும். ஜென்மத்துக்கும் போகாது! ஏழு தண்ணி மாத்தி இப்பத்தானேய்யா கழுவி வெச்சேன்!"

இன்ஸ்பெக்டர் ஃபில்லரைக் கீழே வைத்தார்.



"ஏழு தண்ணி," என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "எத்தனை மணிக்கு?"

சித்தப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"நான் கொல்லல..."

"என்ன பண்ணினீங்க?"

"பேனாவைக் கேக்கத்தான் வந்தேன். கதவு திறந்திருந்தது. மேல வந்தா... அண்ணன் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு... டிராயரைத் திறந்துட்டாரு. உள்ளே மாத்திரை. கை எட்டல. என்னைப் பார்த்தாரு. பேச முடியல. பேனா மேஜையில உருண்டுது..."

"எதைப் பிடிச்சீங்க?"

சித்தப்பா மேஜையைப் பார்த்தார்.

"பேனாவை."

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"டிராயர்?"

"மூ... மூடிட்டேன்."

"அப்புறம்?"

"அவரு அடங்கிட்டாரு. பேனா காணோம்னா சந்தேகம் வரும்னு மேஜையிலேயே வெச்சுட்டுக் கிளம்பினேன் சார். சத்தியமா கிளம்பினேன். வாசல் வரைக்கும் போயிட்டேன். உள்ளே மை காயுமேன்னு... மனசு கேக்கல... திரும்பி வந்தேன்."

"அண்ணனுக்காகத் திரும்பி வரல," என்றாள் மகள். "பேனாவுக்காக வந்தீங்க!"

ஏட்டு விலங்கை எடுத்தார். சித்தப்பாவின் கண்கள் அப்போதும் மேஜை மேலேயே இருந்தன.

"அந்த ஒரு சொட்டு... உடனே கழுவிடும்மா. வெந்நீர் வேண்டாம். எபோனைட் உடம்பு வெளுத்துடும்..."

"பயப்படாதீங்க சித்தப்பா. பாட்டில்தான் ஸ்டாம்ப் பேட். உள்ளே இருக்கறது நான் ஸ்கூல்ல எழுதின மை. தண்ணி பட்டா போயிடும்."

அவர் நிம்மதியாக மூச்சு விட்டார். விலங்கு பூட்டிய கையோடு!

இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்தார்.

"ஏழு தண்ணி மாத்தினீங்க. பேனாவையே பார்த்தீங்க. பேனா எழுதினதைப் பார்க்கலியே?"

படித்தார்.

'நேற்று பேனாக் கண்காட்சியில் தம்பியைப் பார்த்தேன். தூணுக்குப் பின்னால் நின்று ஒரு நிப்பை லென்ஸ் வைத்து ஆராய்ந்து கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் ஒளிந்தான். அசட்டுப் பயல். அவனுக்கும் இந்தப் பித்து உண்டென்று இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்றே. அப்பாவின் பேனா அவனிடம்தான் இருக்க வேண்டும். இன்று மாலை நானே கொண்டுபோய்க் கொடுத்துவி'

அவ்வளவுதான். அங்கே நின்றிருந்தது.

சித்தப்பா ஊளையிட்டார். அது அழுகை மாதிரி இல்லை.

மகள் கீழே போய் ஊர்தி டிரைவரைத் திருப்பி அனுப்பினாள். அப்பா மூன்று மணிக்குப் போகவில்லை.

ஏட்டு தொண்டையைக் கனைத்தார். வாக்குமூலத் தாளை நீட்டினார்.

"சார், இதுல இவர் கையெழுத்து வேணுமே. எந்தப் பேனாவைக் கொடுக்க?"

இன்ஸ்பெக்டர் அறுபத்தொரு பேனாக்களையும் ஒருமுறை பார்த்தார். அலமாரியைச் சாத்தினார்.

"ரீஃபில் பேனா கொடுய்யா. ஐயாவுக்கு அதுவே போதுமாம்!"