ஆறாவது சத்தம்

படுக்கையறைக்கு வரும் சத்தங்கள் மொத்தம் ஐந்து. அன்று காலை எண்ணியபோது ஆறு இருந்தன.

கண்ணைத் திறக்காமலே அவள் இன்னொரு முறை எண்ணினாள். கூடத்துச் சுவர்க் கடிகாரம். அவ்வப்போது உடம்பைக் குலுக்கிக்கொண்டு உறுமும் ஃபிரிட்ஜ். குளியலறைக் குழாயின் சொட்டு. மேல் வீட்டுத் தையல்காரம்மாவின் மெஷின். தெருமுனை நாய். அவ்வளவுதான். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில், கட்டிலின் கால்மாட்டுப் பக்கத்திலிருந்து, ஈரமாக ஒன்று கேட்டது. யாரோ எச்சில் விழுங்குவதுபோல.

எழுந்து குனிந்து பார்த்தாள். கட்டிலுக்கடியில் மகள் குட்டியின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. வேறு எதுவும் இல்லை.

அவளுக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் இரவு வேலை. விடிய விடிய அழைப்புகளை எடுத்துப் பேசிவிட்டு எட்டரை மணிக்கு வீடு திரும்பினால், பஸ் டிரைவரான கணவன் ஆறு வயது மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே டிப்போவுக்குப் போயிருப்பான். கெட்டித் திரையை இழுத்துவிட்டு, வெயில் எரியும் பகலை இருட்டாக்கிக்கொண்டு படுக்க வேண்டும். படுப்பது சுலபம். தூங்குவதுதான் பெரும்பாடு. சிறு வயதிலிருந்தே சட்டைக் கழுத்தில் தைத்த துணிச் சீட்டுகூட அவளுக்கு முள்ளாய்க் குத்தும். தலையணை உறையில் சோப்பு வாசனை கொஞ்சம் மிஞ்சினாலும் மூக்கு விழித்துக்கொள்ளும். அலுவலகத்தில் அவளுக்குப் பாம்புக்காது என்று பட்டப்பெயர். போனில் பதறும் குரலுக்குப் பின்னால் ஓடிய தண்ணீரைக் கேட்டே, கிழவர் விழுந்து கிடப்பது குளியலறையில் என்று சொன்னவள் என்பதால் பாராட்டாக வைத்தது.

அந்தக் காதுதான் பகலில் அவளைத் தின்றது. போன வாரம் தூக்கக் கலக்கத்தில் பதினேழாம் நம்பர் வீட்டை எழுபது என்று அடித்துவிட்டாள். வண்டி பதினொரு நிமிடம் தெருத் தெருவாகச் சுற்றியது. நெஞ்சுவலிக்காரர் எப்படியோ பிழைத்துக்கொண்டார். ஆனால் மேலாளர், "இன்னொரு தடவை இப்படி நடந்தா என் கையில ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து தலையணையில் தலை பட்டால் போதும், பதினேழா எழுபதா, பதினேழா எழுபதா என்று மண்டைக்குள் ஓட்டம் தொடங்கிவிடும்.

மனநல டாக்டர்தான் ஒரு வழி சொன்னார். "சத்தத்தோட மல்லுக்கட்டாதீங்க. வீட்டுக்கு வந்த விருந்தாளின்னு நினைச்சுக்கங்க. ஒவ்வொண்ணையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, போயிட்டு வான்னு அனுப்பி வைங்க."

அவள் கணவனுக்குப் போன் செய்தாள். "கட்டில் பக்கம் யாரோ இருக்கிற மாதிரி இருக்குங்க."

"எலியா இருக்கும். டாக்டர் சொன்னதைச் செஞ்சியா?"

"அதுக்குத்தான் பேர் தெரியலையே, என்னன்னு சொல்லி அனுப்புறது?"

"தெரிஞ்சதை அனுப்பு. மிச்சத்தைச் சாயங்காலம் வந்து நான் அடிக்கிறேன்." சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

அவள் படுத்துக்கொண்டு முணுமுணுத்தாள். கடிகாரம், போயிட்டு வா. போயிட்டு வா. பத்து முறை, இருபது முறை. எரிச்சல் தலைக்கேறியதும், "போ" என்றாள். எப்போது தூங்கினாள் என்று தெரியவில்லை. எழுந்தபோது கடிகாரம் நின்றிருந்தது. அதன் இரண்டு பேட்டரிகளும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைக்கப்பட்டிருந்தன.

"நீயேதான் கழட்டியிருப்ப," என்றான் கணவன். அப்படித்தான் இருக்கும் என்று அவளும் நம்ப விரும்பினாள்.

மறுநாள் ஃபிரிட்ஜ். பிளக் பிடுங்கிக் கிடந்தது. பால் திரிந்து போயிருந்தது. அதற்கடுத்த நாள் குழாய். அதன் வாய்க்குள் ஒரு துணி, விரலால் எடுக்க முடியாத அளவுக்கு அழுத்தித் திணிக்கப்பட்டிருந்தது. நான்காம் நாள் மாடிப்படியில் தையல்காரம்மா அவளை நிறுத்தினார். "மெஷின் பெல்ட்டை யாரோ அறுத்து வச்சிருக்காங்கம்மா. வீடு பூட்டினது பூட்டினபடி இருக்கு. இது என்ன கூத்து?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போனாள். வெட்கமாக இருந்தது. ஏனென்றால் இந்த நான்கு நாளும் அவள் நன்றாகத் தூங்கியிருந்தாள்.

ஆறாவது சத்தம் மட்டும் குறையவில்லை. மற்றவை அடங்க அடங்க அது துலங்கியது. நாக்கு மேலண்ணத்திலிருந்து பிரிவது. தொண்டை ஏறி இறங்குவது. கால்மாட்டிலிருந்து இடுப்புப் பக்கத்துக்கு வந்திருந்தது.

ஆறாம் நாள் வேலை முடிந்து வரும்போது நாய் தெருமுனையில் நின்று அவளைப் பார்த்துக் குரைத்தது. வாய் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை. "தொண்டை கட்டிக்கிச்சு போல, நேத்து மத்தியானத்துலேர்ந்து இப்படித்தான்," என்றார் வாட்ச்மேன்.

நேற்று மத்தியானம்தான் அவள் அதைப் போ என்று சொல்லியிருந்தாள்.

இனி எதற்கும் பேர் சொல்வதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தாள். கணவன் செருப்பை மாட்டிக்கொண்டு காத்திருந்தான். "குட்டிக்கு உடம்பு கொதிக்குது. மருந்து கொடுத்துட்டேன். இன்னைக்கு லீவு கேட்டா கொன்னுடுவாங்க. நீ பக்கத்துல படுத்துக்கோ, அவளும் தூங்கிடுவா."

"சீக்கிரம் வந்துடுங்க. இன்னைக்கு இந்த வீட்டுல இருக்க வேண்டாம். எங்க அக்கா வீட்டுக்குப் போயிடலாம்."

அவன் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தான். "சரி. நாலு மணிக்கு வந்துடுறேன்."

குட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். அனல் மூச்சு. இருமல் மருந்தின் தித்திப்பு வாசனை. அடைத்த மூக்கில் ஒவ்வொரு மூச்சும் மெல்லிய விசிலாக ஊதிக்கொண்டு போய்வந்தது.

"அம்மா."

"என்னடா?"

"யாரு தண்ணி குடிக்கிறாங்க?"

"யாரும் இல்லடா. கண்ணை மூடிக்கோ."

கிளம்பிவிடலாமா? இந்தக் காய்ச்சலோடா? மணி பத்துதான். ஆறு மணி நேரம். உட்கார்ந்தே இருந்துவிடலாம். தூங்கக் கூடாது. சுவரில் சாய்ந்துகொண்டாள். பதினேழா எழுபதா. திரையின் ஓரத்தில் வெளிச்சம் கத்திபோல நின்றது. விசில் போனது, வந்தது. இராத்திரி முழுக்க விழித்த கண்கள் மணல் கொட்டியதுபோல எரிந்தன. பதினேழா எழுபதா. விசில். எழுபதா. விசில். தலை சரிந்தது. ஐந்து நாள் பழகிய நாக்கு தன் பாட்டுக்குப் புரண்டது.

"மூக்கடைப்பு. போ."

சொன்ன வார்த்தை காதில் விழுந்துதான் விழித்தாள்.

விசில் இல்லை.

குட்டியின் நெஞ்சில் கையை வைத்தாள். ஏறியது. இறங்கியது. உயிர் இருக்கிறது. உயிர் இருக்கிறது. ஆனால் மூக்கருகே காதை வைத்தால் காற்று மட்டும் சுடுகிறது. சத்தம் இல்லை.

"வா," என்றாள். "தெரியாம சொல்லிட்டேன். வந்துடு. வா. வா."

கட்டில் ஒரு பக்கமாகத் தாழ்ந்தது. அவளுக்குப் பின்னால்.

குட்டி கண் விழித்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மாவின் தோளுக்கு மேலே பார்த்தாள். கண்கள் விரிந்தன. வாய் திறந்தது. இன்னும் திறந்தது. முகம் சிவந்து, கழுத்து நரம்புகள் புடைக்க, முழு மூச்சையும் திரட்டிக் குழந்தை வீரிட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அவள் காதோரம், மெதுவாக, யாரோ எச்சில் விழுங்கியது மட்டும் கேட்டது.