ஆறாவது படத்தின் கோடுகள்

மூடிப்போன மருத்துவமனையின் வார்டு ஒன்றைத்தான் ஆராய்ச்சித் துறைக்குக் கணினி அறையாக ஒதுக்கியிருந்தார்கள். ஞாயிறு மதியம் தங்கை உள்ளே நுழைந்தபோது வெளியே மழை. உள்ளே பினாயில் வாடை. கட்டில்கள் போய் எத்தனையோ வருடமாகியும் வாடை மட்டும் இடத்தைக் காலி செய்யவில்லை.

அக்கா ஆய்வேட்டைத் திரையில் திறந்து வைத்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் காலையில கொடுக்கணும்டி. பக்க அமைப்பு சரியில்லன்னு ஏற்கெனவே திருப்பிட்டாங்க. இன்னொரு தடவை திருப்பினா என் படிப்பு அவ்வளவுதான்."

"மாலை வகுப்புல பக்க அமைப்பை அரைகுறையாக் கத்துக்கிட்டவளைப் போய் நம்புறியே!"

"தாடி பாதியில விட்டுட்டு ஓடிட்டான். போனையும் எடுக்க மாட்டேங்கிறான். உன்னை விட்டா யாரு இருக்கா?"

தாடி, இதுவரை பக்கங்களை அமைத்துக் கொடுத்தவன்.

ஒரு புகைப்படத்தில் ஆள் இருக்கிறாரா என்று கணினி கண்டுபிடிக்கும் வழியை அக்கா படிப்படியாகச் சூடோகோடாக, அதாவது நிரலின் எளிய வரைவாக, எழுதியிருந்தாள். விதிப்படி சூடோகோடுக்குத் தலைப்பு மேலே. மேலும் கீழும் கறுப்புக் கோடு. படங்களுக்குத் தலைப்பு கீழே, கோடு கூடாது. ஆனால் ஒன்றின் பாணி மற்றதன் மேல் தொற்றி, படங்களெல்லாம் கோடு பூசிக்கொண்டு நின்றன. தங்கை இரண்டுக்கும் தனித்தனிப் பாணி வகுத்தாள். சரிதானா என்று திரும்பத் திரும்பப் பார்த்தாள். படங்கள் திருந்தின.

ஆறாவது மட்டும் அடம்பிடித்தது.

'படம் 6: ஆளில்லாத தாழ்வாரம்.' இந்த அறைக்கு வெளியே இருக்கும் அதே தாழ்வாரம்.

கோப்பைத் துழாவினாள். அந்தப் படத்துக்கென்று தாடி தனியாக ஒரு கட்டளை எழுதியிருந்தான். பக்கத்தில் ஒரு குறிப்பு: 'இதன் கோடுகளை எடுக்க வேண்டாம்.'

காரணம் இல்லை. காரணம் சொல்லாத விதிவிலக்கு அவளுக்கு ஆகாது. தனக்குத்தான் ஏதோ புரியவில்லையோ என்று ஒரு கணம் தயங்கினாள். பிறகு கட்டளையை அழித்தாள்.

அச்சிட்டார்கள். படத்தில், தாழ்வாரத்தின் கோடியில் ஒரு கறை.

"மை சிந்தியிருக்கும்," என்றாள் அக்கா.

மறுபடி அச்சிட்டார்கள்.

கறைக்குத் தோள்கள் இருந்தன.

அடுத்த தாளில் அது பாதித் தூரம் நடந்து வந்திருந்தது.

"கோட்டைப் போடுடி," அக்கா கிசுகிசுத்தாள். "திருப்பினா திருப்பட்டும். போடு!"

தங்கை தாடியின் கட்டளையைத் திரும்ப எழுதினாள். அடுத்த அச்சில் மேலும் கீழும் கோடுகள் வந்தன. தாழ்வாரம் காலியாக இருந்தது.

"அப்பாடா... உள்ளே போயிடுச்சு."

தங்கை அந்தக் காலித் தாழ்வாரத்தை உற்றுப் பார்த்தாள். கோடு போட்ட நேரத்தில் அது படத்துக்குள்ளேதான் இருந்ததா?

பினாயில் வாடை கூடியது.

முதுகுக்குப் பின்னால் கதவு மெல்லக் கிறீச்சிட்டது. இருவரும் திரும்பவில்லை.

அச்சுப்பொறி தானாக ஒரு தாளைத் தள்ளியது.

ஆய்வேட்டில் இருந்தவை ஆறு படங்கள்தான். இது ஏழாவது. கோடில்லை, தலைப்பு கீழே. அவள் வகுத்த பாணி இம்மி பிசகவில்லை. கணினி முன் குனிந்திருக்கும் இரண்டு பெண்கள், பின்னாலிருந்து, மிக அருகில்.

'படம் 7: ஆளில்லாத அறை.'