வயிற்றில் நீலம் இல்லை

காலை ஆறரை மணி. முழங்கால் அறுவை முடிந்து தேறிவந்த லாரி ஓட்டுநர், கழிப்பறைக்குப் போகக் கட்டிலை விட்டு எழுந்தார். இரண்டடி வைத்ததும் மூச்சுத் திணறி விழுந்தார். மருத்துவர் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காலில் உறைந்த ரத்தக்கட்டி நகர்ந்துபோய் நுரையீரலை அடைத்திருந்தது.

ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் வயிற்றில் போடும் ஊசியை நர்ஸ் போடவில்லை என்று மனைவி புகார் கொடுத்தாள். பெண் இன்ஸ்பெக்டர் வந்தபோது நர்ஸின் முகத்தில் ஈயாடவில்லை. முதல் சில நாள் தானே போட்டதாகச் சொன்னாள். வீட்டிலும் தொடரவேண்டிய ஊசி என்பதால், மனைவியின் தம்பிக்குக் கற்றுக்கொடுத்தாளாம். அதன்பின் ஆஸ்பத்திரியிலும் தினமும் அவன்தான் போட்டானாம்.

"அவர் போடும்போது பக்கத்துல நின்னீங்களா?"

"முதல் தடவை நின்னேன் மேடம். அப்புறம் காலி ஊசியைத்தான் பார்த்தேன்."

ஒரு நாளும் தவறவில்லை என்றான் தம்பி. காலி ஊசிகளும் அப்படித்தான் சொல்லின.

இன்ஸ்பெக்டர் பிணவறைக்குப் போனாள். ஓட்டுநரின் தொப்புளைச் சுற்றி வெளிறிய மஞ்சள் புள்ளிகள். வார்டுக்குத் திரும்பி வந்து, அதே ஊசி போட்டுக்கொள்ளும் பக்கத்துக் கட்டில்காரரைச் சட்டையைத் தூக்கச் சொன்னாள்.

"இதென்னம்மா, கண்காட்சியா?" என்று முணுமுணுத்தபடியே தூக்கினார். மஞ்சளுக்கு நடுவே கருநீலப் புள்ளிகள். அவை நேற்றும் முந்தாநாளும் போட்டவையாம்.

அக்காவையும் தம்பியையும் ஒன்றாக உட்காரவைத்தாள்.

"ஊசியைக் காலி பண்ணினது நீங்கதான். ஆனா அது உங்க மாமா வயித்துல இறங்கல."

குத்திய இடம் முதலில் நீலமாகக் கன்றும். நாளாக ஆகத்தான் மஞ்சளாகும். இறந்தவர் வயிற்றில் நர்ஸ் போட்டதும், அவள் கண்ணெதிரே தம்பி முதல் தடவை போட்டதுமான பழைய மஞ்சள் மட்டுமே இருந்தது. புது நீலம் ஒன்றுகூட இல்லை.

தம்பி ஒப்புக்கொண்டான். மலைப்பாதையில் ஒற்றைக் கையால் லாரியைத் திருப்புகிற மாமா, ஊசியைக் கண்டதும் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாராம். மருந்தைக் கைகழுவும் தொட்டியில் பீய்ச்சிவிட்டு, காலி ஊசியை நர்ஸிடம் காட்டியிருக்கிறான்.

"இவ்வளவு ஆகும்னு தெரியாதுக்கா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா நீ விடாம போட வச்சிருவேன்னுதான், மாமா சொல்ல வேணாம்னாரு."

அவன் எழுந்து இன்ஸ்பெக்டரின் பின்னால் நடந்தான்.